நடிப்பை நிறுத்தாதே!

"கிட்ட வந்தா குதிச்சிடுவேன்...!"

ஜன்னல் விளிம்பில் நின்று அலறினாள் அவள்.

பதற வேண்டாம்! வெளியே மெத்தை போட்டிருந்தது. அவள் நாடக நடிகை. மனமுடைந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மற்ற போலீஸ்காரர்கள்; அவர்களோடு பயிற்சி அதிகாரி, கையில் விசிலோடு.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். "நான் இருக்கேம்மா." விசில் ஊதியதும் ஒருத்தரும் இருப்பதில்லை! அவள் வீட்டிலும் அதே கதைதான். யாருமில்லாத அந்த வீட்டை நினைத்தாலே அழுகை வந்துவிடும். கிளிசரின் செலவு மிச்சம்.

இப்போது வந்தவர் ஓர் இன்ஸ்பெக்டர். நரைத்த மீசை. பாடத்தில் சொன்னபடி துப்பாக்கியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

'டொக்!'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பயிற்சிக்குத் தருவது பிளாஸ்டிக் துப்பாக்கி. நிஜத் துப்பாக்கியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் இப்படிக் கனமாக விழாதே...!

"சார்... அது..."

"பேசும்மா. கேட்டுட்டுதான் இருக்கேன்."

குரலில் ஜீவனே இல்லை. கண் துப்பாக்கியை விட்டு நகரவில்லை.

கத்தினால்? அத்தனை பேரும் தடதடவென்று உள்ளே பாய்வார்கள். அதற்குள் இவர் கை முந்திக்கொள்ளும். ஆள் போய்விடுவார்!

நடிப்பை விடாமல் மெல்ல இறங்கி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு யாருமில்ல சார். உங்களுக்கு...?"

"சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. பொண்ணு போனை எடுக்கிறதில்ல. வீட்டுக்குப் போனா டிவிகிட்டதான் பேசணும்."

கண்ணாடிக்கு அப்பால் பயிற்சி அதிகாரி குஷியாகிவிட்டார். "பாருங்கய்யா! சொந்தக் கதை மாதிரி சொல்லி எப்படி நெருங்குறாரு!"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க மற்றவர்கள் தன்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வகுப்பு முடியட்டும்னு இருந்தேம்மா."

"நான் இருக்கேன் சார்." இந்த முறை அது வசனமில்லை. "அதை இந்தப் பக்கம் தள்ளுங்க. நான் வச்சிருக்கேன்."

அவருடைய விரல்கள் துப்பாக்கியைத் தொட்டன.

தள்ளினார்!

சட்டென்று எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

விசில் ஒலித்தது. கதவைத் திறந்துகொண்டு பயிற்சி அதிகாரி வந்தார்.

"இன்ஸ்பெக்டர், நீங்க பெயில்! கேள்வியெல்லாம் அந்தம்மா கேக்குறாங்க, நீங்க பதில் சொல்றீங்க. இதுல யாருய்யா போலீஸ்?"

அவள் பையை நீட்டினாள். "தூக்கிப் பாருங்க சார்."

தூக்கினார். பேயறைந்தவர் போல ஆனார். "டா... டாக்டரைக் கூப்பிடுங்கய்யா...!"

இன்ஸ்பெக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அவள் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்துக் கேட்டார். "பெயில்னா... நான் மறுபடி வரணுமாம்மா?"

"பின்ன? நாளைக்கும் வரணும், நாளன்னைக்கும் வரணும். அவ்வளவு லேசுல உங்களை பாஸ் பண்ண விட்டுடுவேனா!"