ஜோனத்தனின் பழைய லேப்டாப்

காலையில் பசியாறுவதற்கு முன்னாலேயே கிறிஸ்டலின் குரல் உயர்ந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், வந்தாள், தலை பின்னினாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே விசிறி மட்டும் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இரைந்தது.

“மா… மறுபடியும் இது மேல தீர்த்தம் தெளிச்சீங்களா?”

சவுந்தரம் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. தெளித்தது உண்மைதான். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது போத்தலில் பிடித்து வந்த தீர்த்தம். காய்ச்சல்காரருக்கு நெற்றியில் தொட்டு வைப்பதுபோல, மூடியின் மேல் ஒரு சொட்டுத் தொட்டு வைத்திருந்தாள். அது குணமாக வேண்டும் என்று அந்த வீட்டில் அவளைவிட அதிகம் வேண்டிக்கொண்டவர் யாருமில்லை. குணமாகாவிட்டால் அதை என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

வரவேற்பறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் பாக்கியநாதன் தன் பங்குக்கு ஆரம்பித்தார். துறைமுக அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அங்கே அதட்டிப் பழகிய குரல் ஓய்வு பெறவில்லை. விடியற்காலையில் லேப்டாப்பில் பூசை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து இவள் கண்ட இடத்தில் அமுக்குகிறாள், அதனால்தான் அது இப்படி ஆகிவிட்டது என்றார். கோயில் இருக்கும் இடம் தெரியாதா, நேரில் போனால் ஆகாதா என்றும் கேட்டார். சவுந்தரம் அடுப்பைத் தணித்தாள். இந்தப் பழி அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

கிறிஸ்டல் ஒரு ஹோட்டல் முன்பதிவுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் திட்டுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு, அதே நேரத்தில் திரையில் விவரம் தேடிச் சொல்ல வேண்டும். திரை வராது. அவர் இன்னும் திட்டுவார். சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. மேலதிகாரி நேற்று கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டாள்: இன்னொரு நாள் இப்படி அழைப்பு இடையில் அறுந்து போனால் வர வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்தவளுக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கிடைத்த வேலை இது. புது லேப்டாப் வாங்குகிற நிலையில் வீடு இல்லை.

அவளும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். வேண்டாத மென்பொருளை நீக்கினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். தூரிகையால் விசிறியின் தூசியைத் தட்டினாள். அம்மா பின்னிப் போட்டிருந்த பூத்துணியை, சூடாகிறது என்று தூக்கி எறிந்தாள். எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரே வழிதான், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம், சவுந்தரம் ஏதாவது சொல்லித் தள்ளிப் போட்டாள். பூசை பார்க்க வேறு வழி இல்லை என்பாள். தவக்காலம் முடியட்டும் என்பாள்.

அது ஜோனத்தனின் லேப்டாப். மூத்தவன். இஸ்ஸதி என்ற மலாய்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முஸ்லிமாக மதம் மாறியபோது, பாக்கியநாதன் வாசலைக் காட்டினார். அவன் ஒரு பையோடு போனான், லேப்டாப் மேசை மேலேயே நின்றுவிட்டது. ‘அவங்கூட ஒரு வார்த்தை பேசுனாலும் என் பொணத்தத் தாண்டிப் போய்ப் பேசு’ என்று பாக்கியநாதன் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறு வருஷ நவம்பரில், கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்களே, அதில் தன் அப்பா அம்மா பெயருக்குக் கீழே மகன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்த ஃபாதருக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்தி நிதானமாக வாசித்தார். ‘ஜோனத்தன் பாக்கியநாதன்.’ கிறிஸ்டல் பாதிப் பூசையில் எழுந்து வெளியே ஓடினாள். சவுந்தரம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். 

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. பூசை பார்ப்பதற்காக, மகன் முன்பு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி, அவன் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனாள். கிறிஸ்டலுக்கு அதே லேப்டாப்பில் தனிக் கணக்கு உண்டு. அண்ணன் பக்கம் அவள் போவதில்லை. அங்கே படங்கள் இருக்கும் பெட்டியில் புதிதாக ஒரு படம். துண்டில் சுற்றிய குழந்தை. மறுநாள் இன்னும் மூன்று. அப்புறம் தினமும் வந்தது. குப்புற விழுந்தான், உட்கார்ந்தான், நடந்தான். பிறந்தநாள் கேக்கைப் பார்த்துத்தான் பேரனுக்கு சாஹித் என்று பெயர் என்று பாட்டிக்குத் தெரிந்தது. பெருநாளைக்குப் பச்சைச் சட்டை, தலையில் சொங்கோக் தொப்பி. பின்னால் ஜாதிக்காய் மரம், டுரியான் பழக் குவியல். பாலர் பள்ளிச் சட்டையில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாலிக் புலாவ். இவர்கள் வீடு இருக்கும் இதே தீவின் மறுபக்கம், ஒரு பஸ் தூரம்.

பேசக் கூடாது என்றுதானே அவன் அப்பா சத்தியம் வாங்கினார், பார்க்கக் கூடாது என்று வாங்கவில்லையே. அதைப் புரிந்துகொண்டு பிள்ளை படமாக அனுப்புகிறான் என்று சவுந்தரம் நினைத்தாள். கெட்டிக்காரன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேரம் வரும்போது அவனே வா என்பான், அதுவரை அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது. விடியலில் பொத்தானை அமுக்கிவிட்டு ஜெபமாலை சொல்லி முடிப்பாள், அப்போதுதான் அது கண் விழிக்கும். அந்த வீட்டில் அதன் வேகத்துக்குப் பொருந்திய ஒரே ஆள் அவள்தான்.

அன்று கிறிஸ்டல் அம்மாவிடம் கேட்கவில்லை. மதியம் வேலை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜெயராஜை வரச் சொல்லிவிட்டாள். கோயில் பூசையை இணையத்தில் ஒளிபரப்புகிறவன், கணினி பழுது பார்ப்பது தொழில். வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். வன்தட்டில் மூச்சு விட இடமில்லை, முழுக்க நிறைந்திருக்கிறது, அதனால்தான் திணறுகிறது என்றான். கிறிஸ்டல் பக்கம் ஒன்றுமில்லை. எல்லாம் இன்னொரு கணக்கில் இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் கேட்கிறது. தெரியாவிட்டால் பரவாயில்லை, மொத்தமாகத் துடைத்துவிடலாம் என்றான்.

சவுந்தரம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் குனிந்து, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

வட்டம் வெகுநேரம் சுற்றியது. பிறகு படங்கள் வரத் தொடங்கின. ஒன்று, பத்து, நூறு… ஜெயராஜ் கீழே இழுக்க இழுக்கத் தீரவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தன, வீடியோக்கள் வேறு. எல்லாவற்றிலும் ஒரே பையன். சிலவற்றில் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தாடியோடு ஜோனத்தன்.

கிறிஸ்டல் வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியநாதன் எழுந்து வந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். 

“எவ்வளவு நாளாம்மா?” என்றாள் கிறிஸ்டல். “எனக்கு மட்டும் அண்ணன் இல்லையா… ஒரு வார்த்தை சொல்லலையே. நான் பாட்டுக்கு இந்த மெஷினத் திட்டிட்டு, உங்களையும் திட்டிட்டு…”

“சொன்னா அழிச்சிருவீங்கன்னு பயந்துட்டேன்டி.” சவுந்தரம் கணவன் பக்கம் திரும்பினாள். கல்யாணமானதிலிருந்து அவரிடம் அப்படி நிமிர்ந்து அவள் பேசியதில்லை. “நான் சத்தியத்த மீறல. நான் பேசல. அவன்தான் எனக்கு அனுப்புறான். நீங்க அவனச் செத்தவங்களோட சேத்தீங்க. எம் புள்ள தெனமும் எனக்கு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கான்.”

ஜெயராஜ் விசைப்பலகையைப் பார்த்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் இணைப்பைத் துண்டித்தால்தான் வேலை முடியும், துண்டிக்க வேண்டுமென்றால் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“ஆன்டி… இது யாரும் அனுப்புறதில்ல. ஜோனத்தன் அண்ணன் பழைய கணக்கு இதுல திறந்தே கெடக்கு. அவர் புதுசா போன் வாங்கி அதே கணக்கப் போட்டதிலேருந்து, அதுல எடுக்குற படமெல்லாம் தானா இங்கேயும் எறங்குது. இங்க வர்றது அவருக்கே தெரியாது. மறந்திருப்பாரு.”

சவுந்தரத்துக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவன் மெதுவாக, மலாய்ச் சொல்லும் தமிழும் கலந்து, இன்னொரு தரம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள். “நான் பார்த்தது தெரியாது… இத்தன வருஷமா அவன் எங்கூடப் பேசிக்கிட்டு இருக்கான்னு நான் சும்மா இருந்துட்டேன். அவன் என்ன நெனச்சிருப்பான்? அம்மாவும் தலை முழுகிட்டான்னுதானே?”

 கிறிஸ்டல் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். சவுந்தரம் அவள் தலையைத் தடவினாள்.

பாக்கியநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிடு என்றார். ஜெயராஜ் தயங்கினான். இப்படியே அழித்தால் அங்கே அவர்கள் போனிலும் எல்லாம் அழிந்துவிடும், முதலில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிறகுதான் அழிக்க வேண்டும் என்றான். துண்டித்தால் இனி இங்கே படம் வராது. வேண்டுமானால் இருப்பதையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் ஆன்டி என்றான்.

சவுந்தரம் திரையைப் பார்த்தாள். கடைசியாக வந்த படத்தில் பையன் ஒரு மரத்தடியில் நின்று, எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். காட்டுவது தனக்குத்தான் என்று விடியலில் நினைத்திருந்தாள்.

“வேணாம்ப்பா. அவன் குடுத்திருந்தா வச்சுக்கிட்டிருப்பேன். இது அவன் வீட்டு ஜன்னல்ல நின்னு எட்டிப் பாத்த மாதிரி.” நானே அமுக்குகிறேன் என்றாள். ஜெயராஜ் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எந்த இடம் என்று காட்டினான். அமுக்கினாள். கேள்வி கேட்டது, ஆம் என்று மறுபடி அமுக்கினாள். பிறகு கிறிஸ்டலிடம், அண்ணனுக்குப் போன் போடு என்றாள்.

எண் எல்லோரிடமும் இருந்தது. அவன் மாற்றவே இல்லை. அப்பா அங்கேயே நிற்கிறார் என்று கிறிஸ்டல் கண்ணால் காட்டினாள். பொணத்தத் தாண்டிக்கிறேன், நீ போடு என்றாள் சவுந்தரம்.

மணி அடித்தது. எடுத்தான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்தது. ஜோனத்தன் வணக்கம் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“யாரு போயிட்டாங்க?” என்றான்.

தங்கையின் எண்ணைப் பார்த்ததும் அவனுக்குத் தோன்றக்கூடியது அது ஒன்றுதான். கிறிஸ்டல் அழத் தொடங்கினாள். பாக்கியநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“யாருமில்லப்பா,” என்றாள் சவுந்தரம். “அம்மா பேசறேன்… எல்லாரும் இருக்கோம்.”

 அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் நின்றது.

“எல்லாரும் உயிரோட இருந்துதானாம்மா இத்தன வருஷம் கூப்பிடாம இருந்தீங்க?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

மேசை மேல் லேப்டாப் தன் வேலையை முடித்திருந்தது. ஜெயராஜ் மூடித் திறந்து காட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது, விசிறிச் சத்தம்கூட இல்லை. கிறிஸ்டலின் வேலை தப்பித்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. கூலியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஜெயராஜ் பையை மாட்டிக்கொண்டு மெல்லக் கிளம்பினான்.

சவுந்தரம் அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் சிறிய பை. கொம்தார் பஸ் நிலையத்துக்குப் போனால் பாலிக் புலாவ் பஸ் வரும், பாலர் பள்ளிப் பெயர் தெரியும், கேட்டுக் கேட்டுப் போய்விடலாம் என்று மகளிடம் சொன்னாள். சோறு வடித்திருக்கிறது, அப்பாவுக்கு மாத்திரை கொடு என்றாள். கிறிஸ்டல் கூட வருகிறேன் என்றதற்கு, நீ உன் வேலையைப் பார், இதற்காகத்தானே இவ்வளவும் என்றாள்.

செருப்பு மாட்டும்போது பாக்கியநாதன் வாசலுக்கு வந்தார். தடுப்பார் என்று நினைத்தாள். அவர் குரல் முன்போல இல்லை.

“அவன் கதவத் தொறக்கலன்னா என்ன செய்வ, சவுந்தரம்?”

“வெளியில நிக்கிறேங்க,” என்றாள் அவள். “நாம அவன அங்கதானே நிறுத்தி வச்சிருந்தோம்.”