அவளுக்கு மட்டுமே உரிய எண்

"என் தம்பி திருடன் இல்லைன்னு நிரூபிச்சுக் குடுங்க. இல்லேன்னா திருடன்தான்னாவது சொல்லிடுங்க. நடுவுல கிடந்து என்னால தவிக்க முடியல."

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அந்தப் பெண் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம். நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

காலையில் கம்ப்யூட்டர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். வைரஸ் புகுந்துவிட்டது, வாடிக்கையாளர்களின் கல்யாணப் படமெல்லாம் அழிந்துவிடும் என்றான். அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. வேறு ஆளைப் பார் என்றாள். அப்போதுதான் அவன், அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரிய எண் என்று நீளமாக ஒன்றை ஒப்பித்தான். அவன் சொன்னபடி தட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்துப் பிசகாமல் அதே எண் திரையில் நின்றது. அவள் ஆடிப்போனாள். இந்த எண் வெளியே போயிருந்தால் அது உங்களோடு இருப்பவர் வேலைதான், வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றான் அவன்.

அவளைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவன் தம்பி ஒருவன்தான். தாயில்லாப் பிள்ளை என்று அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

போனில் பேசியவன் சொன்ன எதையோ அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தம்பி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். ஆதாரத்தை அழிக்கிறாயா என்று ஓங்கி அறைந்தாள். தம்பியின் போனைப் பறித்துக்கொண்டு, இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று துரத்தினாள். அவன் போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை. அவனைக் கூப்பிடவும் வழியில்லை. அவன் போன் அவள் கைப்பையில் கிடந்தது.

"தம்பிதான், மாமா. சந்தேகமே இல்ல," என்றான் துப்பறிவாளரின் மச்சான். அவனுக்கு எந்த வழக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

துப்பறிவாளர் அவளையே பார்த்தார். "கம்ப்யூட்டர் இப்ப ஓடுதா?"

ஓடியது. பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள், அணைக்காதீர்கள் என்று அந்தக் குரல் மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருந்தது. வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டபோதுதான் பயந்துபோய், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு இங்கே ஓடிவந்தாள்.

அவர் சட்டென்று எழுந்தார். ஸ்டூடியோ மீட்டர் பெட்டி வாசலில்தான் இருக்கிறது என்று அவள் சொல்ல, மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிப் பக்கத்துத் தையல்கடைக்குப் போன் போடச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மச்சான் அவளுடைய வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசி, கணக்கை முடக்க வைத்தான்.

"அந்தாளு தட்டச் சொன்னதை அப்படியே நம்ம கம்ப்யூட்டர்ல தட்டுங்க, மச்சான். நீங்க அந்த எண்ணைப் படிங்கம்மா."

அவள் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். பாதியிலேயே மச்சான் வாயைப் பிளந்தான். திரையில் அதே எண்.

"உங்க தம்பி இந்த ஆபீசுக்கு வந்ததே இல்லை," என்றார் துப்பறிவாளர். "லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்ல இதே எண்தான் இருக்கும். யார் வீட்டுக்குப் பேசினாலும் பொருந்தும். உண்மையான கம்பெனி தானா கூப்பிட்டு வைரஸ் இருக்குன்னு சொல்லவே சொல்லாது."

"அப்ப அவன் ஏன் பிளக்கைப் பிடுங்கினான்?"

"திருடனோட கூட்டாளின்னா ஓடவிட்டு வேடிக்கை பார்த்திருப்பான். பிடுங்கினது உங்களைக் காப்பாத்தத்தான். அந்தாளுக்கு இடைஞ்சலா இருந்தது உங்க தம்பி ஒருத்தன்தான். அதான் முதல்லயே அவனை உங்ககிட்டேருந்து பிரிச்சான்."

அவள் இப்போதுதான் உட்கார்ந்தாள். அறைந்த கை மடியில் கிடந்தது. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போன் அடித்தது. அந்த மோசடிக்காரனாக இருக்குமோ என்று அவள் பதற, துப்பறிவாளர் திரையில் பெயரைப் பார்த்துவிட்டு நீட்டினார். தையல்காரர்.

மிஷின் ஓடாததால் வெளியே நின்றேன், போன் அடித்தது கேட்கவில்லை என்றார் அவர். "நீங்க போன கையோட உங்க தம்பி வந்து மெயினை இறக்கிட்டாரும்மா. என் கடைக்கும் சேர்த்துக் கரண்ட் போச்சு. கேட்டா, 'அக்கா வர்ற வரைக்கும் ஏத்த விடமாட்டேன்'னு மீட்டர் பெட்டியில சாஞ்சு நிக்கிறார். கன்னம் வேற வீங்கியிருக்கு. சாப்பிடக் கூப்பிட்டாலும் நகர மாட்டேங்குறார். சீக்கிரம் வாங்க."