கயிறு பிடித்த கை

காலையில் படத்தை மாட்டியபோது அந்தக் கடாவின் இடது காது விறைத்து நின்றது. மத்தியானம் மூன்று மணிக்கு அது பின்னால் மடங்கியிருந்தது.

ஜார்ஜ் கிட்டே போய்ப் பார்த்தான். வேலூர் ஸ்டுடியோ ஒன்றில் பதினெட்டு வருஷமாக நெகட்டிவ் திருத்துகிறவன் அவன். கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பிலிருந்து செத்தவரின் பாதி மூடிய கண் வரைக்கும் அவன் பிளேடு சரிசெய்யாதது இல்லை. இந்த எருமைக்கடாவின் முகத்தில் எந்த மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவன் திருத்திய நெகட்டிவில் காது மடங்கியிருக்கவில்லை.

ஆம்பூர் பக்கத்து டேனரி ஒன்றில் தோல் கிடங்கைக் காலிசெய்து, வெள்ளையடித்து, கண்காட்சி வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். தோலைக் காட்டுமுன் தோலுக்குச் சொந்தக்காரர்களைக் காட்டுவோம் என்று மெட்ராஸ் போட்டோகிராபர் ஒருவர் யோசனை சொல்ல, ஆடு, மாடு, எருமை என்று பன்னிரண்டு முகங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியாயிற்று. எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, முகத்துக்கு ஒரு பல்பு. பினாயிலைக் குடம் குடமாக ஊற்றியும் உப்புத்தோல் வாடை சுவரை விட்டுப் போகவில்லை.

கண்ணாடி துடைக்கவும் கோணல் நிமிர்த்தவும் ஜார்ஜை உள்ளே விட்டு, மேனேஜர் ராமலிங்கம் வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார். பூட்டியதற்கான காரணம் காலையிலிருந்து கேட்டில் உட்கார்ந்திருந்தது: பெருமாளின் பெண்டாட்டி தேவகி.

பெருமாள் இந்த டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். மற்ற பதினொன்றும் முளையில் கட்டி எடுத்த படங்கள். கடா மட்டும் முளை தெரியாமல் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்றார் போட்டோகிராபர். அவிழ்த்து, மூக்கணாங்கயிற்றைப் பெருமாளிடம் கொடுத்தார்கள். விளக்கு பளிச்சென்று வெட்டியது. கடா அவனைக் கொட்டாய்ச் சுவரோடு வைத்துக் குத்தியது. விலாவுக்குக் கீழே நுழைந்த கொம்பிலிருந்து அவனைக் கழற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. கழற்றியபோது உயிர் இல்லை.

அன்று பெருமாள் வேலைக்கே வரவில்லை என்று ராமலிங்கம் சொல்லிவிட்டார். பார்த்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஆனால் படம் அருமையாக விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் கயிறும், கயிற்றைச் சுருட்டிப் பிடித்த ஒரு கையும் இருந்தன. சுண்ணாம்பு தின்று நகம் போன விரல்கள். பெருமாள் அங்கே நின்றான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கை. கையையும் கயிற்றையும் நெகட்டிவிலிருந்து சுரண்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஸ்டுடியோ முதலாளி. ஜார்ஜ் பிளேடை எடுத்தான். கால் மணி நேர வேலை. கை இருந்த இடம் கொட்டாய் இருட்டாகிப் போனது.

மறுவாரம் தேவகி ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அவர் கை அதுல வுழுந்துக்குதுன்னு சொல்றாங்கண்ணா. ஒண்ணு போட்டுக் குடு. லேபர் ஆபீஸ்ல கேக்கறாங்க."

"கையெல்லாம் இல்லம்மா," என்றான் ஜார்ஜ். "மாடு மட்டும்தான்."

இப்போது அந்த மாட்டின் மூக்குக்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான். துணி காய்ந்தே இருந்தது. ஆவி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது. அது சுருங்கியது. மெதுவாக விரிந்தது. மறுபடி சுருங்கியது.

பினாயில் வாடையைத் தள்ளிக்கொண்டு பச்சைச் சாணி நாற்றம் வந்தது. ஜார்ஜ் பின்வாங்கிக் கிடங்கின் நடுவுக்கு வந்தான். எதிர்ச்சுவரில் இருந்த வெள்ளாடு காலையில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் கண் கடாவின் பக்கம் ஒதுங்கியிருந்தது. அடுத்த படத்துக் காளையும் அப்படியே. பதினோரு முகங்களும், நாய் நுழைந்த பட்டியைப் போல, ஒரே பக்கம் பார்த்தன.

அவன் கதவுக்கு ஓடினான். கையால் தட்டினான், தோளால் இடித்தான், ராமலிங்கத்தைப் பேர் சொல்லிக் கத்தினான். பக்கத்து ஷெட்டில் தோல் சுற்றும் பெரிய டிரம்கள் உருண்டுகொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அதையும் மீறிப் பின்னால் கண்ணாடி விரிசல் விடும் சத்தம்.

திரும்பினான். கடாவின் நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையைச் சுரண்டினான். கயிற்றைச் சுரண்டினான். கடாவைச் சுரண்டவில்லை. அதை இப்போது யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கண்ணாடி சிதறி விழுந்தது. ஒரு கொம்பு சுவருக்கு வெளியே ஒரு சாண் வந்தது.

யோசிக்க நேரமில்லை. ஜார்ஜ் பாய்ந்து, தான் இருட்டாக்கிய அந்த ஓரத்தில் வலது கையை வைத்தான். காகிதம் இல்லை. கை உள்ளே போனது. இருட்டில் துழாவினான். ஈரமான கயிறு. சுருட்டிப் பிடித்தான்.

கடா நின்றது.

அவனும் நின்றான். அரை மணியோ அதற்கு மேலோ. கயிறு உள்ளங்கையை அறுத்தது. பிளேடும் தூரிகையும் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை அது.

பக்கத்து ஷெட்டில் டிரம்கள் நின்றன. வெளியே பூட்டுச் சத்தம்.

கடா தலையை ஒரு வெட்டு வெட்டியது. தோள்மூட்டு கழன்றது. சட்டத்தில் நின்ற கண்ணாடி விளிம்பு, தேர்ந்த ஆள் கத்தி போட்டதுபோல, தோளிலிருந்து முழங்கை வரை தோலை ஒரே இழுப்பில் உரித்தது. அலறினான். இன்னொரு வெட்டு. இடுப்பு உள்ளே போனது. இன்னொன்று. காலும் போனது.

இருட்டு. முதுகில் கொட்டாய்ச் சுவர். ஈரச் சுவர். குளம்பு அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது. எலும்பு நொறுங்கும் ஓசை. விடவில்லை. கயிற்றை விடவில்லை.

எதிரே, சட்டம் அளவுக்கு வெளிச்சம். அதில் மனிதர்கள். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள், அவர்களைத் தாண்டி ராமலிங்கம். முதலில் தரையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு படத்தை. அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"கை..." என்றார்.

ஆட்களைத் தள்ளிக்கொண்டு தேவகி வந்தாள். வியாபாரிகளுக்குத் திறந்த கேட்டிலிருந்து ஓடிவந்த மூச்சு. ஜார்ஜ் கத்தினான். அம்மா, போயிடு, எல்லாரையும் இட்டுக்குனு போயிடு. அவன் வாயிலிருந்து சத்தம் வெளியே போகவில்லை. அவள் படத்தின் ஓரத்தில் குனிந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நகம் நகமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கியது.

"இது அவர் கை இல்ல," என்றாள்.

போட்டோகிராபர் கிட்டே வந்தார். வியாபாரிகளும் வந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக எல்லாத் தலைகளும் படத்தின் முன்னால் குனிந்தன. கடா ஜார்ஜைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தது. அதன் கழுத்து மெதுவாகத் தாழ்ந்தது.

ரத்தத்தில் கயிறு வழுக்கியது.

சுண்டுவிரல் விட்டது. மோதிரவிரல் விட்டது.