பன்னிரண்டு வீட்டு ஊருக்கு ஒரு வரைபடம்

யோலிமாவின் ரப்பர் தேய்ந்து பாதியாகிவிட்டது. வரைபடத்தில் இன்னும் ஒரு கோடுகூட நிற்கவில்லை.

கொலம்பிய மலைச்சரிவில் இருந்த அவளுடைய ஊரில் மொத்தமே பன்னிரண்டு வீடுகள். போன மாதம் அவள் தம்பிக்குக் கடும் காய்ச்சல். பார்க்கப் புறப்பட்ட நர்சின் ஜீப் வழி தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. அரசு வரைபடத்தில் இந்த ஊரே இல்லை!

"வரைபடமும் ஊர் வரலாறும் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறோம்" என்றது நகராட்சி. நாளைக் காலை பால் லாரியில் அனுப்ப வேண்டும். நன்றாக வரைவாள் என்று டீச்சர் அந்த வேலையை யோலிமாவிடம் கொடுத்துவிட்டார்.

"ஊர் பேரு இரட்டைக்கல்னு எழுது," என்றார் மேட்டு வீட்டு எவேலியோ மாமா. "எங்க தாத்தாதான் கோவேறு கழுதையோட முதல்ல இங்க வந்தாரு."

"அதுக்கு முன்னாடியே எங்க கொள்ளுப்பாட்டி சோளம் போட்டாச்சு," என்றாள் பள்ளத்து வீட்டு ரூபியேலா அத்தை. "ஊர் பேரு ஆழ்பள்ளம். அழிடி அதை!"

யோலிமா அழித்தாள்.

"ஓடையை ஏன் அங்க வரைஞ்சிருக்கே?" என்றார் மாமா.

"அங்கதானே மாமா ஓடுது?"

"மண்ணு சரிஞ்ச பிறகுதான் அங்க ஓடுது. முன்னாடி எங்க தோட்டம் வழியா ஓடுச்சு."

"உங்க தோட்டமா? எங்களோடது!" என்றாள் அத்தை.

மறுபடி அழித்தாள். காகிதம் கிழிந்தே போனது.

"போதும்!" என்று கத்தினாள் யோலிமா. "நாளைக்கு உங்களுக்கு மூச்சு வாங்கினா, நர்சு யாரைத் தேடி வரணும்? தாத்தாவோட கழுதையையா?"

மாமா கிழிந்த காகிதத்தை ஓரமாக ஒதுக்கிவைத்தார்.

அவள் புதுத் தாளை எடுத்தாள். "ஜீப்பு பெரிய ரோட்டுல வருது. எங்க திரும்பணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"சிவப்பு மண்சரிவுகிட்ட, இடது பக்கம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்புறம்?"

"மரப்பாலம்," என்றார் மாமா.

"மழையில அது வழுக்கும்," என்றாள் அத்தை. "பழைய ஓடைத் தடத்துல போனா கெட்டித் தரை."

"ஆமா, அதுதான் சரி," என்று தலையாட்டினார் மாமா.

யோலிமா வேகமாக வரைந்தாள். கீழே வரலாறும் எழுதினாள்: 'இந்த ஊருக்கு இரண்டு பெயர்கள். முதலில் வந்தது யார் என்ற சண்டை இன்னும் முடியவில்லை.'

இருவரும் படித்தார்கள். அழிக்கச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கொட்டும் மழையில் ஜீப் வந்து நின்றது.

"வழியில யாரையும் கேட்கவே இல்லை!" என்றபடி நர்சு இறங்கினார். டிரைவர் தலையை நீட்டினார். "ஆமா, இந்த ஊருக்கு எது சரியான பேரு?"

மாமாவும் அத்தையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"இதோ, ஆரம்பிச்சுட்டாங்க!" என்று முணுமுணுத்த யோலிமா, நர்சின் பையை வாங்கிக்கொண்டு, தம்பியைக் காட்டத் தன் வீட்டுக்கு வழிகாட்டி நடந்தாள்.