எதுவரை வந்தீர்கள்?

துருவன் எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மடித்தான். மறுபக்கம் மடித்தபடியே இருந்தது. பல் தேய்த்தான். முகம் கழுவினான். குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்துப் பாத்திரத்தில் ஊற்றினான். பால் திட்டுத் திட்டாக விழுந்தது.

“இந்தப் பால் கெட்டுப்போச்சா?” என்று சுவரைக் கேட்டான்.

“நல்ல கேள்வி,” என்றது சுவர்க்குரல். “முகர்ந்து பார்த்தீர்களா? எதுவரை வந்தீர்கள்?”

முகர்ந்தான். கெட்டிருந்தது. கொட்டிவிட்டுக் கடுங்காப்பி போட்டுக்கொண்டான்.

பக்கத்து வீட்டில் அந்தோணியம்மாள் தன் சுவரிடம் அழுதுகொண்டிருந்தாள். “ஐயோ, மாவு பொங்கி வழியுதே, அந்த மனுசன் வந்தா என்னையத் தின்னுபுடுவாரே, நான் என்னத்தப் பண்ணுவேன்...” அவள் சுவர் உடனே வழி சொன்னது. பாதியைக் குளிர்பெட்டியில் வை, மீதியில் உப்புப் போடாதே. அழுகை அந்த நொடியே நின்றது. பிறகு பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் அழுது கேட்டால்தான் விடை கிடைக்கும். குழப்பிக் கேட்டாலும் கிடைக்கும். தெளிவாகக் கேட்டால் கேள்வி திரும்பி வரும்.

அதைச் செய்வது வினாத்திருப்பி. அதைக் கல்லூரிக் காலத்தில் எழுதியவள் அவன் மனைவி நிறைமதி.

அப்போது வினாமன்றம் சின்ன இணையக்குழு. அறிவியலும் கணக்கும் பிடித்தவர்கள் கூடிப் பேசுமிடம். மாலை ஆறு மணி ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அதில் கொட்டிவிடுவார்கள். “சீக்கிரம் ப்ளீஸ்” என்பார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. கேட்கிற பிள்ளைக்குச் சொல்லாமல் எதற்கு மன்றம் என்றது ஒரு பக்கம். நாம் போட்டுக் கொடுத்தால் அவன் தலையில் என்ன ஏறும் என்றது இன்னொரு பக்கம். சண்டை வலுத்து, பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நிறைமதி மூன்றாவதாக ஒன்றைச் செய்தாள். பாடநூல் வாடை அடிக்கிற கேள்வியை முகர்ந்து கண்டுபிடித்து, விடைக்குப் பதிலாக ஓர் எதிர்க்கேள்வியைக் கொடுக்கும் நிரல். பிள்ளைகள் முதலில் திட்டினார்கள். பிறகு யோசிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். கல்வித்துறை வாங்கிக்கொண்டது. சட்டம் வந்தது. பேசுகிற எல்லாப் பொறிக்குள்ளும் வினாத்திருப்பி இருக்க வேண்டும் என்றது சட்டம்.

வீட்டுப்பாடத்துக்கு மட்டும்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் பால் கெடுவதும் மழை வருவதும் காய்ச்சல் இறங்குவதும் ஏதோ ஒரு வகுப்பின் பாடநூலில் இருந்தன.

துருவன் மேசை முன் அமர்ந்து மன்றத்தைத் திறந்தான். முகப்பில் அவள் படம். கீழே, நிறைமதியின் கடைசிச் சொல் என்று போட்டு ஒரு வரி: ‘விடையைக் கொடுத்தால் கேள்வி செத்துவிடும்.’ இப்போது அது ஆறாம் வகுப்புப் பாடத்திலும் இருக்கிறது.

தினமும் வேலைக்கு முன் அவளுடைய பழைய பதில்களில் ஒன்றை வாசிப்பான். அன்று வந்தது, பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று கேட்ட ஒரு பையனுக்கு அவள் எழுதியது. ‘மிதக்காம அடியில போய் உக்காந்தா, குளத்து மீனெல்லாம் எங்கடா போகும்? யோசி. நாளைக்கு வந்து சொல்லு.’ இரண்டு முறை வாசித்தான். மூடினான்.

அவனுக்கு அதே மன்றத்தில் திறவாளர் வேலை. வினாத்திருப்பி திருப்பிய கேள்வியை, இது வீட்டுப்பாடம் இல்லை என்று ஒரு மனிதர் பொறுப்பேற்றால் திறக்கலாம். தவறாகத் திறந்தால் பாடத்தூய்மை ஆணையம் மன்றத்தின் மேல் குற்றம் எழுதும். ஏற்கெனவே இரண்டு குற்றம். மூன்றாவது விழுந்தால் மன்றத்தை மூடி, அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அவள் எழுதியதும் அதில் அடக்கம்.

முதல் அழைப்பு வந்தது.

‘ஒரு மருந்துக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு இன்சுலின் உள்ளது. ஊசிக்குழல் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு எனக் கோடிடப்பட்டுள்ளது. 10 அலகு செலுத்த வேண்டுமெனில் எந்தக் கோடு வரை மருந்தை எடுக்க வேண்டும்?’

கேட்டவர் பெயர் அஃப்ரின். வயது பதின்மூன்று. மேலப்பாளையம். வினாத்திருப்பியின் குறிப்பு: பாடநூல் ஒப்புமை மிக அதிகம். எட்டாம் வகுப்பு, விகிதம்.

இன்னொரு இணைப்பில் லெவின் சிரித்தான். தூத்துக்குடியிலிருந்து வேலை பார்க்கும் சக திறவாளர்.

“அண்ணே, மூடி வைங்க. சுத்தமான வீட்டுப்பாடம். எடுத்து அப்படியே ஒட்டியிருக்கு பாருங்க.”

“பேசிப் பாக்கறேன்.”

“நேத்து ஒருத்தன் எங்க தாத்தா கெணத்துல விழுந்துட்டாரு, ஏணி எவ்வளவு நீளம் வேணும்னு கேட்டான். நானும் பதறிப்போய்த் திறக்கப் போனேன். தாத்தா சரியா முப்பது டிகிரி சாய்வுல விழுந்திருக்காரு. எந்தத் தாத்தாண்ணே அப்படி விழுவாரு?”

துருவன் குரல்வழியைத் திறந்தான்.

“அஃப்ரின், நான் திறவாளர் பேசறேன். இது வீட்டுப்பாடமாம்மா?”

“இல்ல சார். எங்க உம்மாவுக்கு.”

குரல் நிதானமாக இருந்தது. லெவின் தன் பக்கத்திலிருந்து, “எல்லாரும் அதான் சொல்லுவாங்க,” என்று முணுமுணுத்தான். அது அவளுக்குக் கேட்காது.

“உம்மாவுக்கு என்ன?”

“சுகர் சார். ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. ரெண்டு நாளா மருந்து இல்ல. இன்னைக்குக் காலைல பறக்குற பொறி வந்து மாடியில மருந்துப் பொதி போட்டுச்சு. குப்பி புதுசு. நூறுன்னு போட்டிருக்கு. பழசுல நாப்பதுன்னு இருக்கும். ஊசி வீட்ல உள்ள பழைய ஊசிதான்.”

“பொதியில வேற ஊசி இருக்கா? நல்லாப் பாரு.”

“கவுத்தே பாத்துட்டேன் சார். இல்ல.”

“வாப்பா எங்க?”

“அக்கரைல கடைல மாட்டிக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க முகாமுக்குப் போயிட்டாங்க. உம்மாவ நடத்திக் கூட்டிட்டுப் போக முடியல. படகு வரும்னாங்க, வரல.”

“மருத்துவ உதவிக்குரல்ல கேட்டியா?”

“கேட்டேன். நல்ல கேள்வி, எதுவரை வந்தீர்கள்னு கேட்டுச்சு.”

லெவின் சிரிக்கவில்லை. ஆனாலும் சொன்னான்: “அண்ணே, கணக்குல எல்லாம் முழு எண்ணு. கதையும் முழுசா இருக்கு. ஒரு பிசிறு இல்ல. நிஜம்னா இப்படி இருக்காதுண்ணே. அந்தப் புள்ள அழக்கூட இல்லையே.”

துருவனுக்கும் அது உறுத்தியது.

“நீ ஏம்மா அழாம இருக்க?”

“அழுதா ஊசியில கோடு தெரிய மாட்டேங்குது சார்.”

அவன் காப்பிக் குவளையை மேசையில் வைத்தான். விளிம்பில் வைத்துவிட்டான். விழப் பார்த்தது. பிடித்தான்.

“சரி. கேள்வியை ஏன் பாடம் மாதிரி எழுதின?”

“என் பாடப்புத்தகத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கு சார். அதைப் பாத்து எழுதினேன். முழு வாக்கியத்துல கேட்டாத்தான் எங்க மிஸ் பதில் சொல்வாங்க. பெரியவங்க கிட்டயும் அப்படித்தான கேக்கணும்?”

லெவின் பெருமூச்சு விட்டான். “போச்சு. பாடத்தைப் பாத்துத்தான் எழுதினேன்னு அதுவே ஒத்துக்கிடுச்சு. ஆணையம் கேட்டுட்டுத்தான் இருக்கும். திறந்தா மூணாவது குற்றம்ணே. மன்றம் முடிஞ்சுது. மதினி எழுதின எல்லாம்...”



“சார்,” என்றாள் அஃப்ரின். “நீங்க விடை சொல்ல வேணாம். அது தப்புன்னு எனக்குத் தெரியும். அந்த அக்கா சாகும்போது சொன்னது எங்க பாடத்துல இருக்கு. அதனால நானே முயற்சி பண்ணிட்டேன். சரியான்னு மட்டும் சொன்னாப் போதும்.”

“எவ்வளவு வந்துச்சு?”

“இருபத்தஞ்சு.”

துருவன் எழுந்து நின்றான்.

“நூறை நாப்பதால வகுத்தேன் சார். ரெண்டரை. பத்தை ரெண்டரையால பெருக்கினேன். உதவிக்குரல்ல சொன்னேன். நல்ல முயற்சின்னு சொல்லிச்சு. ஏன் பெருக்கினீர்கள்னு கேட்டுச்சு. எனக்கு அதுக்குப் பதில் தெரியல. அதான் ஊசியில எடுத்து வச்சுட்டு உங்ககிட்டக் கேக்கறேன்.”

“எடுத்து வச்சுட்டியா?”

“ஆமா சார். உம்மா மூச்சு ஒரு மாதிரி வாங்குறாங்க. ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதுல்ல?”

பெருக்கக் கூடாது. வகுக்க வேண்டும். இருபத்தைந்தாவது கோடு என்றால் அறுபது அலகுக்கும் மேல். போட்டால் அந்த அம்மாள் மயங்குவாள். எழ மாட்டாள்.

திரையில் வினாத்திருப்பி அவனுக்கு ஓர் எதிர்க்கேள்வியைத் தயாராக வைத்திருந்தது. அழுத்தினால் போதும், போய்விடும். குற்றமும் இல்லை. ‘மருந்தின் செறிவு கூடினால் தேவைப்படும் அளவு கூடுமா, குறையுமா?’ நல்ல கேள்விதான். நிறைமதி எழுதியது போலவே இருந்தது. யோசித்தால் அஃப்ரின் கண்டுபிடித்துவிடுவாள். ஒருவேளை.

“போடாத,” என்றான். “அது தப்பு. நாலு.”

“சார்?”

“நாலாவது கோடு. பத்து இல்ல, இருபத்தஞ்சு இல்ல. நாலு. ஊசியில இருக்கறத வெளிய தள்ளு. படக்கருவியைப் போடு, நான் பாக்கணும்.”

திரையின் ஓரம் சிவந்தது. ‘முழு விடை வெளியிடப்பட்டது’ என்ற வரி ஓடியது. அவன் அதைப் பார்க்கவில்லை. படத்தில் ஒரு சிறிய கை, ஓர் ஊசி. பின்னால் பாயில் ஒரு பெண், முகம் சுவரைப் பார்த்து இருந்தது. தரையில் ஓரமாகத் தண்ணீர் நின்றது.

“இன்னும் கொஞ்சம் தள்ளு. நிறுத்து. கோட்டை எண்ணு. சத்தமா.”

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.”

“குமிழி இருக்கா?”

“இல்ல சார்.”

“உம்மா வழக்கமாப் போடற பத்து அலகு தானே? நிச்சயமா?”

“டாக்டர் சீட்டு இங்கயே இருக்கு சார். பத்துதான்.”

“போடு. லெவின், அந்தத் தெருவுக்குப் படகு.”

“கேட்டுட்டு இருக்கேண்ணே. அங்கயும் எதுவரை வந்தீர்கள்னு கேக்குது.”

“அழு.”

“அண்ணே?”

“அழுடா.”

லெவின் அழுதான். முதலில் சும்மா அழுதான். பிறகு, “ஐயோ, எங்க அக்கா தண்ணிக்குள்ள கிடக்காளே, யாராச்சும் வாங்களேன்” என்று கத்தியபோது அவன் குரல் உண்மையாகவே உடைந்தது. படகு கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது.

பத்து மணிக்கு மேல் அஃப்ரின் மறுபடி வந்தாள். படகில் ஒரு செவிலியர் இருந்ததாகவும், கையில் குழாய் போட்டு உம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதாகவும், உம்மா கண் திறந்து “புள்ள சாப்பிட்டுச்சா?” என்று கேட்டதாகவும் சொன்னாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, “ஏன் நாலு சார்?” என்று கேட்டாள்.

“முதல்ல சாப்பிடு,” என்றான். “நாளைக்குச் சொல்றேன்.”

நாளைக்கு மன்றம் இருக்காது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆணையத்தின் அறிவிப்பு வந்திருந்தது. கேள்வி பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டது, கேட்டவரே ஒப்புக்கொண்டார், முழு விடை தரப்பட்டது. மூன்றிலும் பொய் இல்லை. மாலையில் எல்லாம் அழிக்கப்படும். மன்றம் மேல்முறையீடு செய்ய விரும்பினால் வினாத்திருப்பியிடம் கேட்கலாம்.

லெவின் கேட்டுப் பார்த்தான். ‘நல்ல கேள்வி. இந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்?’ என்று வந்தது.

துருவன் பனிக்கட்டிப் பதிலை மறுபடி திறந்தான். பிரதி எடுக்க முடியாதபடி ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். மனப்பாடம் செய்யத் தொடங்கினான். மிதக்காம அடியில போய் உக்காந்தா.

“அண்ணே, நீங்க செஞ்சது சரிதான்,” என்றான் லெவின். “நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். இல்ல, செஞ்சிருக்க மாட்டேன். தெரியல. ஆனா மதினி கடைசியா அப்படிச் சொல்லியிருக்கும்போது, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“அவ அதைச் சொல்லல.”

“எதை?”

“அந்த வரியை. இரங்கல் கூட்டத்துல யாரோ எழுதிப் போட்டாங்க. நல்லாருக்குன்னு எல்லாரும் வச்சுக்கிட்டாங்க. நானும் எதுவும் சொல்லல.”

“அப்ப என்ன சொன்னாங்க?”

துருவன் முகப்பிலிருந்த படத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான்.

மருத்துவமனையில் கடைசி நாள் காலை. மருத்துவர் இளைஞர். பள்ளி நாட்களில் மன்றத்தில் வளர்ந்தவர். நிறைமதியைப் பார்த்ததும் கைகூப்பி, உங்களால்தான் நான் யோசிக்கவே கற்றுக்கொண்டேன் என்றார். உண்மையாகவே சொன்னார். அவள் உயிர்வளி முகமூடியை விலக்கி, எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். தெளிவாக, முழு வாக்கியத்தில் கேட்டாள். அவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

மருத்துவர் அருகில் அமர்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்பாக, பொறுமையாகக் கேட்டார்: “நீங்க எதுவரைக்கும் புரிஞ்சு வச்சிருக்கீங்க அக்கா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு துருவன் பக்கம் திரும்பினாள்.

“முயற்சியெல்லாம் பண்ணிப் பாத்தாச்சு துருவா. விடைய மட்டும் சொல்லச் சொல்லு.”