செவ்வாய்க்கிழமையில் ஒரு பச்சை ஊசி

காலை 8.10. போட்டி அட்டவணை தயாரிப்பவள் தன் அறையைத் திறந்ததும் சுவர்ப்பலகைக்கு ஓடினாள்.

சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தள நடனப் போட்டிப் பருவத்தின் ஆறு வாரங்களும் அதில் இருந்தன. வாரத்துக்கு ஒரு போட்டி, போட்டிக்கு ஓர் அட்டை. மூன்றாம் வாரத்துத் துறைமுக நகரம் நான்காம் வாரத்துக்கும், நான்காம் வாரத்து ஏரி நகரம் மூன்றாம் வாரத்துக்கும் இடம் மாறியிருந்தன. பதினோரு மணிக்கு அட்டவணை முப்பத்திரண்டு நாடுகளுக்குப் போக வேண்டும். போன பருவத்தில் இரண்டு போட்டிகளை ஒரே தேதியில் மோதவிட்ட புண்ணியவதி அவள்தான். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும்.

8.20. அலுவலகக் காவல் பிரிவின் பெண் அதிகாரி வந்தார். எதையும் சலித்துப் பார்ப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"அட்டையைத் தவிர வேற எது மாறியிருக்கு?"

"ஒரு பச்சை ஊசி, அக்கா. ஐஸ் போட ஆரம்பிக்கிற நாள் அது. வெள்ளிக்கிழமை போட்டின்னா ரெண்டு நாள் முன்னாடி, புதன்கிழமை. துறைமுகத்துக்கு மட்டும் செவ்வாய்ல இருக்கு. அவசரத்துல மாத்திக் குத்திட்டாங்க போல."

சல்லடை மேசையைப் பார்த்தார். பிரிக்காத உறைகள் மூன்று, தண்ணீர் பட்டுச் சுருங்கிக் கிடந்தன.

அறைச் சாவி அவளைத் தவிர இன்னும் மூன்று பேரிடம் இருந்தது.

8.40. ஒளிபரப்புக்காரர். "துறைமுகத்தை நாலாம் வாரத்துக்குத் தள்ளச் சொல்லிக் கெஞ்சினது உண்மைதான். அதுக்காகத் திருட்டுத்தனம் பண்ணுவேனா?"

"பச்சை ஊசியை ஏன் நகர்த்தினீங்க?"

"எந்த ஊசி?"

8.55. பயண எழுத்தர். "இதை மாத்தினா அத்தனை விமானத்தையும் நான்தான் மறுபடி தேடணும். எனக்கென்ன பைத்தியமா? போன வருஷம் துறைமுகத்துல கால் ஒடிஞ்ச பொண்ணை ஊருக்கு அனுப்புறதுக்குள்ளயே நாக்குத் தள்ளிடுச்சு."

"பச்சை ஊசி?"

"ரெண்டு நாள். விதிப் புத்தகத்துலயே இருக்கே."

9.10. சல்லடை நோட்டை மூடினார். "ஐஸ் அண்ணன்."

கீழ்த்தளத்தில் பனித்தளத்தைப் பராமரிப்பவர் அவர். மூன்றாவது சாவி அவருடையது. "அவருக்கு இதுல என்ன லாபம்கா?" என்றாள் அவள்.

"கெடுதல் பண்ண வந்தவன் அட்டையோட விட்டுருப்பான். ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு நாள்தான் கணக்கு. துறைமுக அரங்குல ஐஸ் ஹாக்கி ஆடுவாங்க, அந்த ஐஸ் கல்லு மாதிரி இருக்கும். அதை நடனத்துக்கு மெத்துன்னு ஆக்க மூணு நாள் ஆகும். கீழ அவர் அப்படித்தான் செய்றார், நான் தினமும் பார்க்கிறேன். அதைத் தெரிஞ்ச கைதான் செவ்வாய்ல குத்தும்."

9.20. ஐஸ் அண்ணன் ஈரக் கையுறையோடு பனித்தளத்தைச் சமன்செய்யும் இயந்திரத்திலிருந்து இறங்கினார். மறுக்கவில்லை.

"மூணாம் வாரம் துறைமுகத்துல செவ்வாய் ராத்திரி வரைக்கும் ஹாக்கி. நாலாம் வாரம் திங்களோட முடியுது. ஏரிக்காரங்க மூணாம் வாரம் சும்மாதான் இருக்காங்க, போன்ல கேட்டுட்டேன். போன வருஷம் அந்தப் பொண்ணு விழுந்தது அவ தப்பில்ல மேடம், ஐஸோட தப்பு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"மூணு லெட்டர் போட்டேன், நீங்க பிரிக்கல. கூட்டத்துல சொன்னேன், 'உங்க வேலை ஐஸ், என் வேலை அட்டவணை'ன்னீங்க. பலகையில கை வச்சா ஓடி வருவீங்கன்னு தெரியும்."

அவளுக்கு முகம் சிவந்தது. அறைக்கு ஓடி உறைகளைப் பிரித்தாள். மூன்றிலும் அதே செய்தி, கடைசியில் 'தயவுசெய்து' மட்டும் ஒவ்வொன்றாகக் கூடியிருந்தது. துறைமுக அரங்குக்குப் போன் செய்தாள். ஹாக்கித் தேதிகள் அவர் சொன்னபடியே இருந்தன.

10.15. அவரைக் கையோடு மேலே அழைத்து வந்தாள்.

"என் வேலையையும் யாரோ ஒரு பொண்ணோட காலையும் காப்பாத்திட்டீங்க. இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னு தெரியலண்ணே." அவள் பலகையைக் காட்டினாள். "மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ரெண்டாம் வாரமும் ஹாக்கி அரங்குதான். அங்க செவ்வாய் காலியாத்தான் இருக்கு, அட்டையைத் தொட வேணாம், ஊசி மட்டும்தான் மாறணும். திட்ட மாட்டீங்களே?"

சல்லடை சிரித்துவிட்டார். அவள் பச்சை ஊசிப் பெட்டியைத் திறந்து இரு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, புதனிலிருந்த ஊசியைப் பிடுங்கிச் செவ்வாயில் குத்தினார்.

பதினோரு மணிக்கு அட்டவணை போயிற்று.