நிதானமா சாப்பிடு

சத்தமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எலும்பு நொறுங்கியது, நாக்கு ஸ்டீல் கிண்ணத்தைத் துழாவியது, கிண்ணம் சிமெண்டுத் தரையில் நகர்ந்து நகர்ந்து கம்பிவலைக் கதவில் வந்து இடித்தது. மணிச் சத்தத்தை மட்டும் காணோம். லட்டுவின் கழுத்துப்பட்டையில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு மணி உண்டு. தலை குனிந்து சாப்பிடும்போதெல்லாம் அது கிண்ணத்து விளிம்பில் பட்டுக் கிணுகிணுக்கும். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த தட்சிணாமூர்த்தி பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காது கொடுத்தார். மணிக்குள் அழுக்கு அடைத்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் அது ஒன்றுதான் அவரால் முடியாத வேலை. முட்டை வாசனை பட்டாலே மூன்று வேளை சாப்பாடு இறங்காத வயிறு அவருக்கு. அப்பேர்ப்பட்டவர் தலையில், மகள் மது ஆம்ஸ்டர்டாம் வேலைக்குப் போகும்போது தன் நாய் லட்டுவையும், ஒரு சின்ன ஃப்ரீசரையும், அது நிறையக் கோழிக் கழுத்தையும் ஈரலையும் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"பச்சையாத்தான் குடுக்கணும்ப்பா. வேக வெச்சா எலும்பு கூராயிடும், குடலைக் கிழிச்சுடும். அப்புறம், தனியா விட்டா அவன் சாப்பிட மாட்டான். பக்கத்துல நின்னுண்டு ஏதாவது பேசிண்டிருங்கோ."

"கண்றாவி! இந்த வீட்டுலயா?"

"அம்மா போனப்பறம் நீங்களும் தனியாத்தானே இருக்கேள். அவனும் இருந்துட்டுப் போகட்டுமே."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் சம்மதித்தார். ராஜி போனபிறகு அந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிரஷர் குக்கரைத் தவிர வேறு யாரும் அவரிடம் சத்தம் போட்டதில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ஃப்ரீசர், கிண்ணம், ரப்பர் கையுறை எல்லாம் பின்பக்கத்து பால்கனியோடு சரி. ஆபீஸிலிருந்து வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, காலையில் எடுத்துவைத்த பொட்டலத்தைக் கிண்ணத்தில் கவிழ்ப்பார். உள்ளே வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு கூப்பிடுவார். "வாடா கண்ணா. நிதானமா சாப்பிடு. நான் பாக்கலை." காலை உரசிக்கொண்டு ஓர் உடம்பு வெளியே போகும். கம்பிவலைக் கதவைச் சாத்திவிடுவார். இல்லாவிட்டால் எலும்போடு சோபாவில் ஏறிவிடும். சத்தம் ஓய்ந்ததும் பின்னால் கையை நீட்டித் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு நேரே குளிக்கப் போய்விடுவார். அது தானே உள்ளே வந்துவிடும். தீபாவளிக்குப் போன பால்கனி பல்பை அவர் மாற்றவில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க அவர் காத்திருந்தது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். கட்டைவிரல் தேய்ந்துபோய் அட்டெண்டன்ஸ் மிஷின் தன்னை அடையாளம் கண்டுகொள்ள மறுப்பது, செக்‌ஷனில் சின்னப் பையன்கள் தன்னைக் கூப்பிடாமலே சாயா குடிக்கப் போவது, எல்லாவற்றையும் கதவில் முதுகைச் சாய்த்தபடி சொல்வார். பின்னால் எலும்பு நொறுங்கும். கேட்டுக்கொள்ள ஓர் உயிர் இருந்தது.

ஆனால் அந்த உயிர் இளைத்துக்கொண்டே வந்தது. ஜனவரி மூடுபனியில் லட்டுவைத் தடவும்போது கைக்கு விலா எலும்புதான் தட்டுப்பட்டது. மார்க்கெட் பக்கத்து நாய் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஸ்கேன் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், கானா தோ தேதே ஹோ நா?" சாப்பாடு போடுகிறீர்கள்தானே என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"தினமும், டாக்டர் சாப். கிண்ணம் துடைச்ச மாதிரி காலி!" என்று அரைகுறை ஹிந்தியில் கத்தினார் இவர்.

வயிறு காலியாக இருக்கிறது, நேற்றும் இது எதுவும் தின்றதாகத் தெரியவில்லை, இப்படியே போனால் பிழைக்காது என்றாள் அவள். தட்சிணாமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார்.

"வாடா கண்ணா. நிதானமா சாப்பிடு. நான் பாக்கலை."

காலை உரசிக்கொண்டு போனது. இன்றைக்கு ஈரமாக இருந்தது. பனி, என்று நினைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். முதுகுக்குப் பின்னால் நொறுங்கல் ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்னதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். "என் மானத்தை வாங்கறியேடா, தின்னறதெல்லாம் எங்கடா போறது உனக்கு?"

கிணுங்.

மணி. பால்கனியிலிருந்து அல்ல. எதிரே, படுக்கையறையிலிருந்து.

கட்டிலுக்கு அடியிலிருந்து லட்டு வெளியே வந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, பின்னால் பார்த்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

அவர் பேச்சு நின்றது. பின்னால் நொறுங்கலும் நின்றது.

பிறகு கிண்ணம் கதவை மெல்ல இடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மேலே சொல்லு என்பதுபோல.

அவர் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. மிஷின், கட்டைவிரல், சாயா என்று வாய் பாட்டுக்குச் சொன்னது. பின்னால் நிதானமாகச் சாப்பிட்டது. ஓய்ந்ததும் தாழ்ப்பாளைத் தொடவில்லை. மரக்கதவையும் இழுத்துச் சாத்தி, லட்டுவை வாரித் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்.

"பூனையா இருக்கும்ப்பா," என்றாள் மது ஃபோனில்.

"பூனை என் முழங்கால் உசரத்துக்கு இருக்குமோ?"

"அப்போ குரங்கு. அங்க குரங்குக்கா பஞ்சம்?"

குரங்கு கோழிக் கழுத்தைத் தின்னுமா என்று அவர் கேட்கவில்லை. அவள் அவசரத்தில் இருந்தாள்.

அன்றிலிருந்து லட்டுவுக்கு சமையலறையிலேயே சாப்பாடு. காலை வெளிச்சத்தில் பால்கனியிலிருந்து எடுத்து வந்து, ராஜியின் ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் கோழிக் கழுத்தை வைத்தார். கையுறையில் கொடுத்தால் அது முகர்ந்துவிட்டு நகர்ந்தது. கையுறையைக் கழற்றி எறிந்தார். வெறுங்கையால், கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு துண்டாக ஊட்டினார். வழவழவென்று, ஜில்லென்று இருந்தது. சீ என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. அதன் நாக்கு விரலிடுக்கை நக்கியபோது, இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் தோன்றியது. விலா மறைந்தது. மணி நாள் முழுக்க வீட்டுக்குள் கிணுகிணுத்தது.

பால்கனியில் மட்டும், அவர் ஆபீஸிலிருந்து வரும் வேளைக்கு, கிண்ணம் கதவை இடித்தது. மலை மந்திர் கோயில் மணியோசை அடங்கியதும் ஆரம்பிக்கும். டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். பிறகு ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டார்.

எதிர்வீட்டு பால்கனிகூடத் தெரியாத பனி அன்றைக்கு. பஸ் ஊர்ந்துதான் வந்தது. காவலாளிகள் சருகைக் கொளுத்திக் குளிர்காய்ந்த புகை மாடிப்படி வரைக்கும் நிறைந்திருந்தது. பூட்டைத் திறந்தார்.

லட்டு ஓடி வரவில்லை.

வீட்டுக்குள்ளே பனி இருந்தது. கூடத்தில், சோபாவின் மேல், முழங்கால் அளவுக்கு. பால்கனியின் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன. இரண்டுக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம். உள்ளே இருப்பவர்தான் திறக்க முடியும்.

குளிக்கப் போன சாயங்காலங்கள் ஞாபகத்துக்கு வந்தன. தாழ்ப்பாளை எடுத்துவிட்டது அவர்தான். உள்ளே வந்தது எது என்று அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. உள்ளே வந்தது வெளியே போயிற்றா என்றும் பார்க்கவில்லை.

கிணுங், என்று பால்கனிப் பக்கம் கேட்டது.

"லட்டு!"

ஓடினார். இருட்டு. கம்பிப்பிடி. ஃப்ரீசர். யாருமில்லை. கால் எதிலோ இடித்தது.

கிண்ணம். நிறைந்திருந்தது.

பின்னால் கம்பிவலைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பினார். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு. ஈரமான, அகலமான முதுகு, அவர் உயரத்துக்கு நிமிர்ந்து, வலையில் சாய்ந்திருந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் லட்டுவின் மணி ஒருமுறை அசைந்தது.

"வாடா கண்ணா," என்றது. அவர் குரல். அவருடைய அதே சலிப்பு, அதே செல்லம். "நிதானமா சாப்பிடு. நான் பாக்கலை."

பிறகு அது பேச ஆரம்பித்தது. மிஷின் இன்றைக்கும் கட்டைவிரலை ஏற்கவில்லை என்றது. பையன்கள் சாயாவுக்குக் கூப்பிடவில்லை என்றது.

இத்தனை நாளும் அவர் அந்தக் கிண்ணத்தில் போட்டதெல்லாம் ஃப்ரீசரிலிருந்து எடுத்தது, ஜில்லிட்டுக் கிடந்தது. இப்போது அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, கிண்ணத்தை விட்டு விலக முடிந்த மட்டும் விலகி, கம்பிப்பிடியோடு ஒட்டிக்கொண்டார்.

பேச்சு நின்றது.

முதுகு அசையவில்லை. திரும்பவில்லை. அது காது கொடுத்துக்கொண்டிருந்தது.